அளவுகோலும் பாடும்: ஆழிப்பேரலைக்குப் பிந்தைய உளமருத்துவ ஆய்வுகளும் பழவேற்காட்டு மீனவர் வாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை மீனவர்களின் உளநலம் குறித்துக் கல்விசார் உளமருத்துவத் துறைகளும் பொதுநல்வாழ்வு நிறுவனங்களும் பல ஆய்வுகளை மேற்கொண்டன. அவற்றுள் சிலவற்றின் முறையியலை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவ்வாய்வுகள் தேதி குறிப்பிடத்தக்க ஒரு பேரிடரை மையமாகக் கொண்டவை. பழவேற்காட்டு ஏரி மீனவர்களின் இழப்போ தேதி குறிக்க இயலாத, இன்றளவும் தொடரும் இழப்பாகும். ஆதலால் அவ்வாய்வுகளின் அளவுகோல்களை அப்படியே இங்குப் பொருத்துவது, வாழ்வாதாரக் குறைபாட்டை நோயாகவோ, நோயை வெறும் வறுமையாகவோ பிழைபடக் காண்பதற்கு இடமளிக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். அப்பிழைகளைத் தவிர்ப்பதற்கான முறைகள் தமிழக உளமருத்துவ மரபிலேயே உள்ளன என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, பாடு முறை, ஆழிப்பேரலை, உளமருத்துவம், மனச்சோர்வு, மன அழுத்தம், முறையியல்.

முன்னுரை

உடல்நோய்க்கு வெப்பமானியும் குருதிச் சோதனையும் இருப்பதுபோல் மனநோய்க்குக் கருவி இல்லை. உளமருத்துவத்தில் வினாவே கருவி, விடையே அளவு. ஆகவே ஒரு சமூகத்தின் மனத்துயரை அளக்க முனையும் எந்த ஆய்வும், தான் எழுப்பும் வினாக்கள் அச்சமூகத்தின் வாழ்க்கைக்குள் என்ன பொருள் தருகின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இத்தெளிவு இல்லாதவிடத்து எண்கள் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

தமிழகத்தில் உளமருத்துவ ஆராய்ச்சி நெடிய வரலாறு உடையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்கி வருகிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அம்மையத்தின் அடையாளமாக விளங்குகிறது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் உலக அளவில் அறியப்பட்டவை. ஆழிப்பேரலை நிகழ்ந்தபோது கடற்கரைக்குச் சென்ற ஆய்வாளர்கள் இத்தகைய மரபின் பின்புலத்தோடுதான் சென்றனர். அவர்கள் கண்டவற்றையும் காணாதவற்றையும் இன்று மீள நோக்குவது, அடுத்த ஆய்வுகளின் திசையைத் தீர்மானிக்க உதவும்.

1. எண்களுக்கிடையே உள்ள இடைவெளி

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆய்வுகளில் பெரிதும் பேசப்பட்ட கருத்தாக்கம் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்பதாகும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நிலையை ஒட்டி எழுந்த விவாதங்களின் விளைவாக, 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பகுப்புக் கையேட்டில் இக்கோளாறு இடம்பெற்றது. ஓர் அதிர்ச்சி நிகழ்வு, அது மீண்டும் மீண்டும் நினைவில் எழுதல், அதனை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல், மிகை விழிப்பு என்பன இதன் அடிப்படைக் கூறுகள். போர்க்களத்தை விட்டு வீடு திரும்பியவரின் துயரை விளக்க உருவான இக்கருத்தாக்கம், பேரலை வந்த அதே கரையில் அதே தொழிலைத் தொடர வேண்டியவரின் துயருக்கும் பயன்படுத்தப்பட்டது.

கிடைத்த எண்கள் நோக்கத்தக்கவை. தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழகக் கடற்கரை மீனவக் கிராமம் ஒன்றில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தோரில் 12.7 விழுக்காட்டினரிடம் இக்கோளாறு இருப்பதாகக் கணித்தது. அதே ஆண்டில் வெளிவந்த, சிறார்களையும் வளரிளம் பருவத்தினரையும் குறித்த மற்றோர் ஆய்வு, தொடக்கக் கட்டத்தில் 70.7 விழுக்காட்டினரிடம் அக்கோளாறைக் கண்டதாகக் கூறியது. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வயதும் கருவியும் இடமும் வேறுவேறு. எனினும் ஒரே பேரிடர், ஒரே கடற்கரை, ஒரே நோய்ப்பெயர் என்ற நிலையில் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு தோன்றுமாயின், அந்த எண் மக்களின் மனநிலையை மட்டுமே காட்டுகிறது என்று கொள்ள இயலாது. கருவியின் தன்மையையும் அது காட்டுகிறது.

மேற்குறித்த முதல் ஆய்வின் மதிப்பு அதன் விழுக்காட்டைக் காட்டிலும் அது கண்டறிந்த தொடர்புகளிலேயே தங்கியுள்ளது. குடும்ப வருமானம் அற்றவர்கள், பெண்கள், பேரலையில் காயமுற்றவர்கள் ஆகியோரிடம் கோளாறு மிகுந்திருந்தது. எனவே வருவாய் ஈட்டும் வழிகளை ஏற்படுத்துதல் வேண்டும் என அவ்வாய்வு பரிந்துரைத்தது. மனநோயை அளக்கப் புறப்பட்ட ஆய்வு வாழ்வாதாரத்தைப் பரிந்துரைத்து முடிந்தது என்பது அதன் குறை அன்று. அதன் நேர்மை எனலாம். ஆனால் அப்பரிந்துரை கட்டுரையின் இறுதியில் நின்றுவிட்டது. வருமானம் அங்கு நோயோடு தொடர்புடைய காரணிகளுள் ஒன்றாக மட்டுமே இடம்பெற்றது. அது எவ்வாறு ஈட்டப்படுகிறது, எவ்வாறு பங்கிடப்படுகிறது, எப்போது இல்லாமற்போகிறது என்பன வினாக்களாகவில்லை.

2. எண்ணிலிருந்து சொல்லுக்கு: வேலூர் ஆய்வுகள்

வேலூர் உளமருத்துவத் துறையைச் சேர்ந்த அன்டோ ராஜ்குமார், பிரதாப் தர்யன் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியை மேற்கொண்டது. பேரலைக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் தமிழகக் கடற்கரைக் கிராமத்தாரைக் குழுக்களாக அமரச் செய்து அவர்கள் பேசியவற்றை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மக்கள் பேரிடருக்கான காரணத்தையும் பொருளையும் தம் பண்பாட்டு வழக்கிலேயே மீளக் கட்டமைத்துக்கொண்டனர் என்பதும், முறைசார்ந்த மனநலச் சேவைகளைக் காட்டிலும் தனிமனித, சமூக, ஆன்மிக வழிகளையே உயர்வாக மதித்தனர் என்பதும் அதன் முடிவுகள்.

இக்குழுவினர் பின்னர் வெளியிட்ட கள ஆய்வு இவ்விவாதத்தை மேலும் கூர்மைப்படுத்தியது. அதில் 15.1 விழுக்காட்டினரிடம் கோளாறு காணப்பட்டது. ஆயினும் அன்றாடச் செயற்பாட்டுக் குறைபாட்டோடு அதற்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. தவிர்த்தல் என்னும் அறிகுறியும் அரிதாகவே தென்பட்டது. கடலைத் தவிர்க்கும் மீனவர் உணவைத் தவிர்க்க வேண்டியவராகிறார் என்பதை எண்ணும்போது இம்முடிவு வியப்பளிப்பதன்று. கரைக்கு வெளியே வாழ வழியுள்ளவருக்கே தவிர்த்தல் இயலும். கையேடு அதனை மனத்தின் இயல்பாகக் கருதுகிறது. கடற்கரையில் அது வசதியின் அளவாகிவிடுகிறது.

இவ்வகையில் வேலூர் ஆய்வுகள் தம் துறையின் கருவியைத் தாமே ஐயுற்றன. அத்துறையின் கே. எஸ். ஜேக்கப், சமூகத் துயரை நோயாக்கிவிடும் போக்கைத் தொடர்ந்து விமர்சித்து எழுதியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. எனினும் இவ்வாய்வுகளிலும் ஓர் எல்லை உண்டு. 'சமூகத்தின் தாங்குதிறன்' என்னும்போது எவருடைய சமூகம் என்ற வினா எழுகிறது. மீனவக் கிராமத்தில் பொதுவிடத்தில் பேசும் உரிமை எல்லார்க்கும் ஒன்றுபோல் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆடவர் அவை. கூட்டமாக அமர்ந்து பேசுகையில் ஊரைத் தாங்கும் வழக்கங்கள் வெளிப்படும். அவ்வழக்கங்களால் ஒதுக்கப்பட்டவரின் குரல் அதே அளவில் வெளிப்படும் என்று கூற முடியாது. பழவேற்காட்டை நோக்கும்போது இவ்வெல்லை மேலும் தெளிவாகும்.

3. பழவேற்காடு: தேதி இல்லாத இழப்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் வட கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பழவேற்காடு. சில்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புக, இரண்டும் கலக்கும் உவர்மையில்தான் இறாலும் மடவையும் நண்டும் பெருகுகின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரியின் உவர்மை மாறும், மீன்வளம் குன்றும், படகுகள் கடலுக்குச் செல்லும் வழியும் அடைபடும்.

இத்தூர்வைத் தனித்து நோக்க இயலாது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ஏவூர்திகள் ஏவப்படுகின்றன. ஏவும் நாள்களில் கடலுக்குச் செல்ல மீனவர்க்குத் தடை உண்டு. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயற்படத் தொடங்கியது. அதனை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் அமைந்தது. அதன் விரிவாக்கத் திட்டம் கரையரிப்பையும் ஏரியின் அழிவையும் விரைவுபடுத்தும் எனப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர்.

ஆழிப்பேரலைக்கு ஒரு தேதி உண்டு. ஆகவே 'பின்' என்ற சொல்லும் அங்குப் பொருந்தும். முகத்துவாரம் தூர்வதற்குத் தேதி இல்லை. ஏரி ஆழம் குறைவதற்கும், மீன்பாடு ஆண்டுதோறும் சுருங்குவதற்கும், அடுத்த தலைமுறை கரையை விட்டுத் தொழிற்சாலை வாயில்களில் ஒப்பந்த வேலைக்கு நிற்பதற்கும் 'முன்', 'பின்' எனக் கோடு கிழிக்க முடியாது. அதிர்ச்சி நிகழ்வு ஒன்றை முதற்கூறாகக் கொண்ட நோய்ப்பகுப்பு இவ்விடத்தில் தொடங்கவே இயலாமல் நின்றுவிடுகிறது. துயர் இல்லாமையால் நேர்வதன்று இது. அப்பகுப்பு தேடும் வடிவில் துயர் அமையாமையே காரணம்.

நெய்தல் திணையின் உரிப்பொருளாகத் தமிழ் இலக்கணம் இரங்கலைக் கூறுவது இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. இரங்கல் ஒரு நிகழ்வின் எதிர்வினையாக மட்டும் அமையாமல் நீடிக்கும் நிலையாகவும் அமைகிறது. அகத்திணை மரபின் காதற்பொருளை இன்றைய மீனவரின் நோய்க்குறியாகக் காட்ட முனைவது பொருந்தாது. ஆயினும் கடற்கரைத் துயரை நீட்சியுடைய ஒன்றாகக் கருதும் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று என்ற அளவில் அது துணைசெய்யும்.

4. பாடும் பதினைந்து நாளும்

பழவேற்காட்டு மீன்பிடித் தொழிலின் தனிக்கூறு 'பாடு' முறையாகும். ஏரியில் வளமான மீன்பிடியிடங்களைக் குலுக்கல் வழியே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் இவ்வுரிமை உடையவர்கள். 'தலைக்கட்டு'ச் சேர்ந்த ஆடவரே பாட்டுக்கு உரியவராவர். இம்முறையை ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்ட சாரா கூல்தார்டு, பாடு தரும் பாதுகாப்பும் மதிப்புமே, வளம் குன்றும் காலத்தில் வேறு தொழிலுக்கு மாறுவதற்குத் தடையாகவும் அமையக்கூடும் என்பதைச் சுட்டினார். மீனவர் தொழிலில் நிலைத்திருப்பதற்கு வருமானம் மட்டுமே காரணம் அன்று. அது அவருடைய அடையாளமுமாகும் என்பதே இதன் உட்பொருள்.

இப்பின்னணியில் இன்று உலகெங்கும் பயன்படும் ஒரு மனச்சோர்வு வினாப்பட்டியலை எண்ணிப் பார்க்கலாம். ஒன்பது வினாக்கள், கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள்கள் தொல்லை இருந்தது என்ற கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், 10-ஐ எட்டினால் மேலாய்வு தேவை என்ற பொதுவழக்கு. எளிமையும் விரைவும் உடைய இக்கருவியின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழவேற்காட்டில் அந்த இரு வாரம் எது என்பது முதன்மையான வினாவாகிறது. முறை கிடைத்த வாரமும் முறைக்குக் காத்திருக்கும் வாரமும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்து இறால் பெருகும் நாள்களும், கோடையில் நீர் வற்றிச் சேறு தெரியும் நாள்களும் ஒன்றல்ல. ஒரே மனிதர் இருவேறு பருவங்களில் இருவேறு மதிப்பெண் பெறுவாராயின், கருவி அளந்தது அவர் மனத்தையா, ஏரியின் நீர்மட்டத்தையா என்ற ஐயம் நியாயமானதே.

உறக்கம் பற்றிய வினாவும் அத்தகையது. இரவில் வலை காத்து விடியலில் கரை சேர்பவரிடம் உறக்கக் குலைவு தொழிலின் இயல்பு. உடற்சோர்வு பற்றிய வினாவும் அவ்வாறே. இடுப்பளவு நீரில் தவழ்ந்து கையால் இறால் தடவிப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்ணிடம் 'களைப்பாக உணர்கிறீர்களா' என்று கேட்டால் வரும் விடை நோயைக் குறிக்கிறதா, உழைப்பைக் குறிக்கிறதா என்பதைப் பட்டியல் கூறாது.

இவ்விருளர் பெண்ணுக்குப் பாட்டு உரிமை இல்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. பாட்டுரிமை உடையவரின் துயர் உரிமையின் மதிப்புக் குறைவதால் எழுவது. அவ்வுரிமையே அற்றவரின் துயர் வேறு வகையானது. ஊரின் பொதுவழக்கங்களைத் தாங்குதிறனாக மட்டும் போற்றும் ஆய்வு இவ்வேறுபாட்டைத் தவறவிடும். 'பாடு' என்ற சொல்லே பங்கையும் குறிக்கிறது. துன்பத்தையும் உழைப்பையும் குறிக்கிறது. ஓர் ஊரில் எவருக்குப் பங்கு, எவருக்குத் துன்பம் என்று பிரித்துக் கேளாத ஆய்வு அச்சொல்லின் பாதியையே கேட்டதாகும்.

5. 'மன அழுத்தம்': ஒரு சொல்லின் மூன்று பொருள்கள்

கருவியைத் தமிழாக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களால் குறிக்கப்படும் நிலைகள் தமிழ் ஊடகங்களிலும் மருத்துவப் பரப்புரைகளிலும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பணிச்சுமையால் வரும் நெருக்கடியும் மன அழுத்தம். சிகிச்சை வேண்டும் மனச்சோர்வு நோயும் மன அழுத்தம். அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறும் மன அழுத்தக் கோளாறு. கலைச்சொல்லாக்கத்தில் நேர்ந்த இக்குழப்பம் களத்தில் எண்களாக மாறுகிறது. 'உங்களுக்கு மன அழுத்தம் உண்டா' என்ற வினாவிற்கு வட்டிக் கடன் சுமக்கும் எந்த மீன் விற்கும் பெண்ணும் 'உண்டு' என்றே கூறுவார். அவ்விடை உண்மையானதே, ஆனால் நோயறிதலுக்கு அது போதாது.

மக்கள் வழக்கிலோ நுண்ணிய வேறுபாடுகள் உள்ளன. 'ஒரே யோசனையாக இருக்கிறது' என்பது கவலையின் சுழற்சியைக் குறிக்கும். 'நெஞ்சு படபடக்கிறது' என்பது அச்சத்தை உடல்வழிக் கூறும். 'மனசு விட்டுப்போச்சு' என்பது முயற்சியே கைவிடப்பட்ட நிலையை உணர்த்தும். இவற்றுள் மூன்றாவதை முதலாவதிலிருந்து பிரித்தறிவதே மருத்துவருக்குத் தேவையானது. தமிழாய்வுத் துறைகள் உளமருத்துவத்திற்கு உதவத்தக்க இடமும் இதுவே. வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்துப் பொருள் வேறுபாட்டை வரையறுக்கும் பணி மொழியியலாளருக்கும் மருத்துவருக்கும் பொதுவானது.

6. இருவகைப் பிழைகள்

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கருவிகள் குறையுடையன என்பதால் மீனவர் துயர் அனைத்தும் பொருளாதாரச் சிக்கலே என்று முடிவுகட்டுவது மற்றொரு பிழையாகும். ஏரி தூர்வதை மனச்சோர்வு எனப் பெயரிட்டு மாத்திரை தருவது முதற்பிழை. தற்கொலை எண்ணம் உடைய ஒருவரை 'தொழில் சரியில்லை, அதனால் அப்படி' என்று விட்டுவிடுவது இரண்டாவது பிழை. முதற்பிழை மக்களின் கோரிக்கையை நோயாக்கி அதன் அரசியல் வலுவைக் குறைக்கிறது. இரண்டாவது பிழை உயிரைப் பறிக்கக்கூடியது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நோய்வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சை இடைவெளி இருப்பதைக் காட்டியது. சிகிச்சை பெற வேண்டியோரில் பெரும்பாலோர் பெறாத நாட்டில், நோயாக்குதல் பற்றிய விமர்சனம் சிகிச்சை மறுப்பிற்குச் சாக்காகிவிடக் கூடாது.

இரு பிழைகளுக்கும் இடையே செல்லும் வழிக்கு எடுத்துக்காட்டு உண்டு. ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்தோர்க்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர் வழியே ஆதரவளித்து, அதன் பயனை லட்சுமி விஜயகுமாரும் உடன் ஆய்வாளரும் 2008-இல் மதிப்பிட்டு வெளியிட்டனர். நோய்ப்பெயருக்குக் காத்திராமல் உதவி சென்றது. உதவியின் விளைவும் அளக்கப்பட்டது. உதவியும் ஆய்வும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இது மெய்ப்பிக்கிறது.

7. காலமே கருவியாதல்

மேலே நோக்கிய கள ஆய்வுகளின் பொதுவான குறை அவற்றின் காலச் சுருக்கமாகும். மெதுவாக நிகழும் இழப்பை ஒருமுறை சென்று அளக்க முடியாது. இதற்கான முன்மாதிரியும் தமிழகத்திலேயே உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் உளமருத்துவத் துறையில் 1981-இல் தொடங்கி, 90 மனச்சிதைவு நோயாளிகளை முதல் நோய்க்கட்டத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த சென்னை நெடுங்கால ஆய்வு அது. மருத்துவர் ஆர். தாரா உள்ளிட்டோரின் இவ்வாய்வு, நோயின் போக்கை மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் காணாமல் திருமணம், வேலை, குடும்பம் ஆகியவற்றோடு இணைத்துக் கண்டது. 90 என்பது சிறிய எண். ஆயினும் காலம் அதற்கு வலுச்சேர்த்தது.

சென்னை ஆய்வின் பொறுமையும் வேலூர் ஆய்வுகளின் செவியும் பழவேற்காட்டில் இணையுமாயின், ஆய்வின் வடிவமே மாறும். பாட்டு முறையும் பருவமும் குறிக்கப்பட்ட நாட்காட்டியில் ஒரே குடும்பங்களை ஆண்டில் பலமுறை சந்திக்க வேண்டும். முகத்துவாரத்தின் நிலை, மீன்பாடு, கடன் ஆகியவை மதிப்பெண்ணோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். பாட்டுரிமை உடையோர், இல்லாதோர், ஆடவர், பெண்டிர் எனத் தனித்தனியே பேச வாய்ப்பளிக்க வேண்டும். அப்போதுதான் ஏரி நிறையும்போது தணியும் துயர் எது, ஏரி நிறைந்தும் தணியாத துயர் எது என்று பிரித்தறியலாம். முன்னது மீன்வளத்துறைக்கும் துறைமுகத் திட்டங்களை முடிவுசெய்வோர்க்கும் உரிய சான்று. பின்னது மருத்துவருக்கு உரியது.

முடிவுரை

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய உளமருத்துவ ஆய்வுகள் கடற்கரை மக்களின் மனத்துயரைக் கல்வி உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தன. அவற்றுள் சிறந்தவை தம் கருவிகளின் போதாமையையும் தாமே ஒப்புக்கொண்டன. அவ்வொப்புதல் ஆய்வுக்கட்டுரைகளின் விவாதப் பகுதியோடு நின்றுவிடாமல் அடுத்த ஆய்வின் வடிவமைப்பில் இடம்பெற வேண்டும். பழவேற்காட்டில் இழப்பு ஒரு நாளில் வந்து போனதன்று; ஒவ்வொரு பாட்டிலும் சிறிது சிறிதாக நேர்வது. அதனை அளக்க விரும்பும் துறை, வினாப்பட்டியலைத் திருத்துவதற்கு முன் தன் நாட்காட்டியைத் திருத்திக்கொள்ள வேண்டும். தணியும் துயரையும் தணியாத நோயையும் பிரித்துக் காட்டும் ஆய்வே மீனவரின் கோரிக்கைக்கும் நோயாளியின் உயிருக்கும் ஒருசேர நீதி செய்வதாக அமையும்.